‘யோசிக்காம இரு’ என்றால் நினைப்பு நின்றுவிடுமா?

கேள்வி: வயது 38. சில மாதங்களாக வேலையில் கடும் நெருக்கடி. படுத்தால் அதே நினைப்பு, மறப்பதற்காக நள்ளிரவு தாண்டியும் செல்போன் பார்க்கிறேன். மூன்று மணிக்கு விழித்தால் நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். ‘யோசிக்காம இரு’ என்கிறார்கள், முடியவில்லை. எனக்கு மனவலிமை குறைவா டாக்டர்?

பதில்: இல்லை. முதலில் அந்த அறிவுரையைத் தூக்கிப் போடுங்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே மணி அடித்தது. யாருக்கும் சம்பந்தமில்லாத கரடிக்கே இந்தப் பாடு என்றால், வேலையைப் பற்றிய பயம் மட்டும் சொன்ன பேச்சு கேட்குமா?

படபடப்பும் கற்பனை இல்லை. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாயும், பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். எதிரே நிற்பது பாம்பா, மேலதிகாரியின் மின்னஞ்சலா என்பதெல்லாம் இதயத்துக்குத் தெரியாது. பின்னிரவில் தூக்கம் மேலோட்டமாகிவிடும், கார்டிசாலும் இயல்பாகவே ஏறத் தொடங்கும். சும்மா விழித்துப் புரண்டு படுக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்குக் கவலை முந்திக்கொள்கிறது.

செல்போனைத் திட்டப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு அது உண்மையிலேயே பலன் தருகிறது, அதனால்தான் விட முடியவில்லை. லாசரஸ், ஃபோக்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1984-ல் நெருக்கடியைச் சமாளிப்பதை இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையைக் கையாள்வது, அது கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது. இரண்டும் தேவைதான். மாற்ற முடிந்த விஷயத்துக்கு வெறும் ஆறுதலையும், மாற்றவே முடியாததுக்கு ஓயாத திட்டத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் மனுஷன் தேய்ந்து போவான்.

சரி, என்ன செய்யலாம்? படுக்கைக்கு ரொம்ப முன்னால், மாலையிலேயே அரை மணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்கி, காகிதத்தில் எழுதுங்கள். ‘வேலை டென்ஷன்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ‘வெள்ளிக்கிழமை அறிக்கை முடியாது, இன்னும் அதிகாரியிடம் சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போதே நாளை காலை என்ன பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும், அதையும் பக்கத்தில் குறியுங்கள். ஆள்குறைப்பு வருமா என்பது போன்றவற்றுக்கு எதிரே எதுவும் எழுத வராது, காலியாகவே விடுங்கள். அதற்குத்தான் நடை, நண்பரிடம் பேச்சு, மூச்சுப் பயிற்சி எல்லாம்: நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. இரவில் அதே நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள், ‘நாளை மாலை பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடுங்கள், விரட்டுவதைவிட அது சுலபம். ஆரம்பத்தில் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும், பரவாயில்லை.

விழித்தால் மணி பார்க்க வேண்டாம். தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது படியுங்கள், கண் சொக்கினால் திரும்புங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம், குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மது தூங்க வைக்கிற மாதிரி தெரியும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் சில வாரம் செய்தும் மாற்றமில்லை என்றாலோ, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் ஓடினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும். அப்புறம், ஈசிஜி நார்மல் என்பது எடுத்த அன்றைக்குத்தான்: நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று எது வந்தாலும் டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.