ஃபிலிம் கழுவ எத்தனை நிமிடம்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: சார், இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ ஆரம்பித்திருக்கிறேன். ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் ஐடி-11 டெவலப்பரை ஸ்டாக்காகவே (தண்ணீர் சேர்க்காமல்) ஊற்றினால் ஏழரை நிமிடம், 1+1 (ஒரு பங்கு ஸ்டாக், ஒரு பங்கு தண்ணீர்) என்றால் 13, 1+3 என்றால் 20 என்று போட்டிருக்கிறார்கள். எல்லாமே 20 டிகிரிக்கு. எங்கள் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி. எதை எடுப்பது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: 1+1 எடுங்கள். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், ஒரு டிகிரிக்கு நேரம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறையும், அதனால் 24 டிகிரியில் ஸ்டாக்குக்கு ஐந்தே நிமிடம்தான் மிஞ்சும். ஐந்துக்குக் கீழே போனால் டேங்கில் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில நொடிகள்கூடப் படத்தில் தெரியும். ஒரு கோடையில் அவசரப்பட்டு 29 டிகிரியில் நாலு நிமிடம் கழுவினேன், கடற்கரைப் படங்கள் அத்தனையிலும் வானம் திட்டுத் திட்டாக வந்தது, அந்த ரோலை இன்னும் வைத்திருக்கிறேன். அதே 24 டிகிரியில் 1+1 என்றால் சுமார் ஒன்பது நிமிடம் கிடைக்கும், நிதானமாக வேலை பார்க்கலாம்.

30-லிருந்து 24-க்கு இறக்குவது பெரிய வேலை இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) பாட்டில்களையும் அலசும் தண்ணீரையும் அதில் நிறுத்தி வையுங்கள். ஐஸைக் கரைசலுக்குள் மட்டும் போடாதீர்கள், அளவு மாறிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டெவலப்பர் கலக்கவும் கடைசியாக அலசவும் கேன் தண்ணீர் போதும்.

1+1-க்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐடி-11-இல் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது, அது வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து மென்மையாக்கும். தண்ணீர் சேர்த்தால் அந்தக் கரைப்பு குறையும், துகள் சற்றுத் தெளிவாகத் தெரியும், ஆனால் கூர்மை கூடும். எனக்கு அதுதான் பிடிக்கும். 1+3 இன்னும் கூர்மைதான், ஆனால் 300 மில்லி டேங்கில் ஸ்டாக் 75 மில்லிதான் இருக்கும், ஒரு 36 படச் சுருளுக்கு 100 மில்லியாவது வேண்டும். பெரிய டேங்க் இருந்தால் பார்க்கலாம்.

சரி, கழுவி முடித்ததும் முதலில் ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். அவை நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் தப்பு கேமராவில், வெளிச்சம் போதவில்லை. எண்களும் வெளிறியிருந்தால் கழுவியது போதவில்லை. அப்புறம் நெகட்டிவில் வெள்ளைச் சட்டையோ வெளிச்சமான சுவரோ விழுந்த மிகக் கறுத்த இடத்தைச் செய்தித்தாள் மேல் வையுங்கள், அதன் வழியாக எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும். தெரியவில்லையா, அடுத்த ரோலுக்கு நேரத்தைப் பத்து சதவீதம் குறையுங்கள். ஆனால் நிழல் பகுதி வெறுமையாக இருந்தால் நேரத்தைக் கூட்டி மீட்க முடியாது, அங்கே வெளிச்சம் அளக்கும் மீட்டரில் ஃபிலிம் வேகத்தை (ஐஎஸ்ஓ) 400-க்குப் பதில் 200-இல் வைத்து எடுப்பதே வழி. ஐந்தாறு ரோல் வரை டெவலப்பரையும் கலவையையும் மாற்றாதீர்கள், மாற்றிக்கொண்டே இருந்தால் எது எதனால் வந்தது என்று பிடிபடவே படாது.

கேள்வி: 1+1 கரைசலைத் திரும்பப் பயன்படுத்தலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கூடாது, ஒரு தடவையோடு கொட்டிவிடுங்கள். ஸ்டாக்கை மட்டும் திரும்ப ஊற்றலாம், லிட்டருக்குப் பத்து ரோல், ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

கேள்வி: ரோடினால் டெவலப்பர் 1+50 என்றால் எவ்வளவு ஊற்ற வேண்டும்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ஒரு பங்கு டெவலப்பர், ஐம்பது பங்கு தண்ணீர். 300 மில்லிக்கு ஏறக்குறைய 6 மில்லி. இதில் அரை மில்லி பிசகினாலும் கணக்கு மாறும், அதனால் மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி ஊசியில்லாமல் உறிஞ்சி எடுங்கள். ஹெச்பி5-க்கு 20 டிகிரியில் 11 நிமிடம், 1+25 என்றால் 6. உங்கள் ஊர்ச் சூட்டுக்கும் 1+50-தான் சரி. 1891-இலிருந்து புழங்கும் மருந்து இது, துகளை மறைக்காது. முகங்களுக்கு நான் எடுக்கமாட்டேன், பழைய சுவர், மரப்பட்டை, பாறை என்றால் இதைத்தான் எடுப்பேன்.