பழைய வீடு, பழைய வயரிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீடு கட்டி 50 வருடம் ஆகிறது. லைட், ஃபேன் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. சும்மா இருக்கும் வயரிங்கை ஏன் கிளற வேண்டும்?

லைட் எரிகிறது என்பதை வைத்து வயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை, கெடுவது மேலுறைதான். அந்தக் காலத்து ரப்பர் உறை காய்ந்து விறைத்துவிடும். குறிப்பாக, கூரையில் பல்பு மாட்டும் ஹோல்டருக்குள். குண்டு பல்பின் சூட்டைப் பல வருடம் வாங்கிய வயர் முனையை லேசாக வளைத்தாலே உறை பொடிப்பொடியாக உதிரும்.

அடுத்தது லோடு. நாலு பல்புக்கும் ரெண்டு ஃபேனுக்கும் போட்ட வயரில் இன்று ஏசி, ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கரன்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நாலு மடங்காகும். இதில் நடுவே ஒரு ஜாயின்ட் லூஸாக இருந்தால் தீ பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். என்னைக் கேட்டால், வயரின் வயதைவிட, பிற்பாடு போட்ட டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் மெகர் டெஸ்ட் (வயரின் உறை கரன்ட்டைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டிசி கொடுத்து அளப்பார்கள். ஒவ்வொரு சர்க்யூட்டிலும் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். வராத சர்க்யூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. தடியான கம்பியாகக் கட்டினேன், இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே?

இல்லை. இன்றே எடுத்துவிடுங்கள். இனி ஃபியூஸ் உருகாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும்.

பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு எம்சிபி (தானாக அணையும் சுவிட்ச்) போட்டாயிற்று. இது போதுமா?

பாதி வேலை முடிந்தது. எம்சிபி ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்த்துக்கொள்ளும். மனிதர் மேல் ஷாக் அடித்தால் அதற்குத் தெரியாது. அதற்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் வெளியே கசிந்தால் உடனே அணைந்துவிடும் சுவிட்ச்) வேண்டும். பழைய வீட்டில் இதை மாட்டினால் சும்மாச் சும்மா டிரிப் ஆகலாம். ஒன்று, எங்கோ லீக்கேஜ் இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) ஒன்றாகக் கலந்திருக்கிறது. “மெஷின் சரியில்லை சார்” என்று சொல்லி பைபாஸ் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள்.

அப்புறம், எர்த் வயரே இல்லாத வீட்டில் மூன்று பின் சாக்கெட் வைத்து, எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க கரன்ட் ஏறி நிற்கும்.

வாங்கப்போகும் வீட்டில் அலுமினிய வயர் இருக்கிறதாம். விட்டுவிடலாமா?

அதற்காகவே விட்டுவிட வேண்டாம், விலை பேசும்போது மனதில் வையுங்கள். செம்பு விலை ஏறிய காலத்தில், ஏறக்குறைய 1965 முதல் 1973 வரை, அமெரிக்க வீடுகளில் இதை நிறையப் போட்டார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஸ்க்ரூ தளரும், மேலே படியும் ஆக்சைடு கரன்ட்டைத் தடுக்கும். சிக்கல் முழுக்க முனைகளில்தான். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கி இணைக்கக் கூடாது. அதற்கென்று உள்ள கனெக்டர் வேண்டும்.

இன்சூரன்ஸ் படிவத்தில் வயரிங் பற்றிக் கேட்கிறார்கள். பழையது என்று எழுதினால் பிரீமியம் கூடுமே?

கூடலாம். ஆய்வு அறிக்கை கேட்கலாம், சரிசெய்ய அவகாசம் தரலாம், பாலிசியே தர மாட்டோம் என்றும் சொல்லலாம். அதற்காக மாற்றி எழுதினால், தீப்பிடித்தபின் சர்வேயர் வந்து எரியாத பக்கத்துச் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்ப்பார். அங்கே பழைய வயர் நிற்கும். முக்கியமான விவரத்தை மறைத்தீர்கள் என்ற காரணமே க்ளெய்மை மறுக்கப் போதும். இத்தனை வருடம் கட்டிய பிரீமியம் எதற்கு?

பாலிசியின் விலக்குகள் பகுதியையும் படியுங்கள். ஷார்ட் சர்க்யூட்டால் வீட்டில் பரவிய தீயின் சேதத்துக்குப் பணம் தரும் பல பாலிசிகள், முதலில் கருகிய அந்தச் சாதனத்துக்கோ வயருக்கோ தருவதில்லை. வயரிங்கை மாற்றினால் பில், டெஸ்ட் அறிக்கை, பூச்சு பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ மூன்றையும் வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள். மாற்றிய விவரத்தை நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், பிரீமியம் குறைய வாய்ப்புண்டு.

மொத்தமாக மாற்றப் பணம் இல்லை. எதில் ஆரம்பிப்பது?

மெயின் போர்டும் எர்த்தும் முதலில். பிறகு சமையலறை, குளியலறை, ஏசி ஆகியவற்றுக்குத் தனித்தனி லைன். பெட்ரூம் லைட் கடைசியில் வரட்டும்.

ஒரு பிளக் பாயிண்ட் பக்கம் போனால் மட்டும் மீன் வாடை மாதிரி வருகிறது. எலி செத்திருக்குமோ?

எலியைத் தேட வேண்டாம். சூடேறிய பிளாஸ்டிக்கும் அப்படித்தான் நாறும். மெயினை அணைத்துவிட்டு இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.