குடில் சுரூபங்களுக்கும் மாடல் வள்ளங்களுக்கும் எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கான அரையடி, ஒரு அடிச் சுரூபங்கள், மரத்தில் செய்த சின்ன வள்ளங்கள் இவற்றுக்கு வண்ணம் அடிக்க முதன்முதலாக ஏர்பிரஷ் வாங்கப் போகிறேன். 0.2 வாங்கவா, 0.3 வாங்கவா? தனிக் கம்ப்ரசர் வேண்டுமா, சார்ஜ் போடுகிற சின்ன மோட்டாரோடு வருவது போதுமா?

பதில்:

0.3 வாங்குங்கள். இந்த எண் நாசிலின், அதாவது வண்ணம் வெளியே வருகிற முனையின், துளை அளவு, மில்லிமீட்டரில். கிராவிட்டி ஃபீட், டபுள் ஆக்‌ஷன் என்று கேளுங்கள். வண்ணக் கிண்ணம் மேலே இருக்க வேண்டும். ட்ரிகரை அமுக்கினால் காற்று வர வேண்டும், பின்னால் இழுத்தால் வண்ணம் வர வேண்டும். பேட்டரி மோட்டார் வேண்டாம். கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கைக் கம்ப்ரசருக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் பிரஷ் பாருங்கள். குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து ஏர்பிரஷ் பிடிப்பவரை முதலில் படுத்துவது நாசில் அளவு அல்ல, காற்றில் இருக்கிற ஈரம்.

ஜூனில் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டும் பெய்கிற ஊர் இது, கடலும் பக்கம். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். சாதாரண ஹாபி கம்ப்ரசர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கும். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 1.2 கன மீட்டர், அதாவது 29 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. அந்தக் காற்றை 4 பார் (காற்றழுத்த அளவு) வரை அழுத்தி ஆறவிட்டால் 7 கிராம் அளவுக்குத்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 மில்லிக்கு மேல், நாலு டீஸ்பூன் தண்ணீர், எங்காவது இறங்கியே தீரும். டேங்க் இல்லாத கம்ப்ரசரில் அது ட்யூபில் இறங்கும். மாதா சுரூபத்தின் நீல அங்கியில் வண்ணம் வழவழவென்று ஏறிக்கொண்டிருக்கும்போது பொட்டென்று ஒரு சொட்டு விழும். நடுவில் வெளிறி, ஓரத்தில் நீலம் ஒதுங்கி வளையம் கட்டும். அதைத் துடைத்தால் இன்னும் கெடும். காயவிட்டு, 1000 நம்பர் தண்ணீர்த் தாளால் தேய்த்து, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

ஆகவே கம்ப்ரசரில் 3 லிட்டர் டேங்காவது இருக்கட்டும். ஆயில் ஃப்ரீ பிஸ்டன் வகை, 1/6 அல்லது 1/5 ஹார்ஸ்பவர், தானாக 4 பாரில் நின்று 3 பாரில் மறுபடி ஓடுகிற ஆட்டோ ஸ்விட்ச், ரெகுலேட்டர், மீட்டர் எல்லாம் சேர்ந்து வரும். 110 வோல்ட்டுக்குச் செய்ததும் ஆன்லைனில் அதே படத்தோடு விற்கிறது. 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டேங்கின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அதைத் திறந்துவிடுங்கள். துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். வடிக்காமல் விட்டால் அந்த இரும்பு டேங்க் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

கம்ப்ரசரோடு வருகிற வாட்டர் டிராப் (காற்றில் இருக்கிற நீரைப் பிடித்து வைக்கிற குப்பி) மட்டும் போதாது. காற்று அந்த இடத்தைக் கடக்கும்போது இன்னும் சூடாக இருக்கும். சூடான காற்றில் நீர் ஆவியாகவே கடந்துபோய், மூன்று மீட்டர் ட்யூபில் ஆறி அங்கே சொட்டாகும். இன்னொரு சின்ன டிராப்பை ட்யூபின் கடைசியில், பிரஷுக்கு நேர் கீழே கைப்பிடிபோல மாட்டுங்கள். மழைக்காலத்தில் கண்ணாடி போன்ற அந்தக் குப்பிக்குள் முத்து முத்தாகத் திரள்வது கண்ணுக்குத் தெரியும். பாதி நிறையும்முன் அடியில் இருக்கிற ஊசியை அமுக்கி வெளியேற்றிவிடுங்கள். கம்ப்ரசருக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போட்டால் அதிர்வும் சத்தமும் குறையும். நம் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமில்லை.

பேட்டரி மோட்டார் ஏன் வேண்டாம் என்றால், அவற்றில் பலவும் 20, 25 பி.எஸ்.ஐ.க்கு (பார் போல இதுவும் அழுத்த அளவுதான்) மேல் போகாது, அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டரும் இருக்காது, டேங்க் கிடையாது, டிராப் மாட்ட இடமும் கிடையாது. மேக்கப்புக்கும் கேக் அலங்காரத்துக்கும் சரி. பெயிண்டிங் பட்டறையில் இருக்கிற பெரிய கம்ப்ரசர் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் நல்லதுதான். ஆனால் அது ஆயில் ஊற்றி ஓடுவது. எண்ணெய்ப் புகை காற்றோடு வந்தால் வண்ணம் ஒட்டாமல் குழி குழியாக விலகும். எண்ணெயும் நீரும் பிரிக்கிற ஃபில்டர், தனி ரெகுலேட்டர் இரண்டும் நடுவில் வேண்டும். அந்தக் கம்ப்ரசரில் ட்யூப் மாட்டுகிற வாயின் மரை பொதுவாக கால் இஞ்ச் பி.எஸ்.பி., ஏர்பிரஷ் ட்யூபில் அரைக்கால் இஞ்ச். அதற்கான பித்தளை ரெட்யூசர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

இனி பிரஷ். 0.2 நாசில் சுத்தமான, நன்றாக நீர்த்த வண்ணத்துக்கு மட்டும் அடங்கும். நிறமித் துகள் கொஞ்சம் தடித்தாலும் அடைக்கும். முத்து நிறம், தங்க நிறம் ஊற்றினால் சொல்லவே வேண்டாம். குடில் சுரூபத்தில் ராஜாக்களின் கிரீடத்துக்கும் அங்கி ஓரத்துக்கும் தங்கம் இல்லாமல் முடியுமா? 0.3, 0.35 இரண்டிலும் அது போகும். கோடு மெலிதாக விழுவதற்கு நாசில் அளவைவிட வண்ணத்தின் நீர்ப்பு, அழுத்தம், ட்ரிகரில் இருக்கிற உங்கள் விரல், இவைதான் காரணம். 0.3-ஐ வைத்து அரை மில்லிமீட்டர் கோடு போடப் பழகலாம், 0.2-ஐ வைத்து ஒரு அடி சுரூபத்துக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் நாள் போய்விடும். ஐந்தாறு அடி சுரூபம், துணி, சுவர் என்றால்தான் 0.5.

நாசில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை விளம்பரத்தில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். விலை குறைந்த சீன பிரஷ்களில் அரிசிமணி அளவு நாசிலைச் சின்ன ஸ்பானரால் திருகிப் பொருத்துவார்கள். விரலால் திருகி நின்றபின் மிக லேசாக ஒரு முடுக்கு போதும். இன்னும் கொஞ்சம் என்று முடுக்கினால் மரை உடைந்து பிரஷ் உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. திருகு இல்லாமல் சும்மா உள்ளே வைத்து, மேல்மூடியை இறுக்கினால் தானே நேராக உட்காருகிற வகைதான் புதியவருக்கு ஏற்றது. ஜப்பானின் இவாட்டா எக்ளிப்ஸ் எச்பி-சிஎஸ் (0.35), ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன், அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியட் 105 (0.5) எல்லாம் இந்த வகை. முதல் பிரஷ்ஷாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் எக்ளிப்ஸைத்தான் சொல்வேன். பேட்ஜரின் காற்று மரை வேறு மாதிரி, அதற்கு அடாப்டர் சேர்த்து வாங்க வேண்டும்.

பணம் இடிக்கிறது என்றால் சீன 0.3 வாங்கிப் பழகுவதில் தவறில்லை. ஆனால் வாங்குகிற அன்றே இரண்டு நாசிலும் ஒரு நீடிலும் (நாசிலுக்குள் போகிற ஊசி) சேர்த்து வாங்குங்கள். பிறகு அதே மரையில் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. உள்ளே இருக்கிற சீல் டெஃப்லானா என்றும் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையமாக இருந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்கான தின்னர் பட்டு ஊதிப்போய் நீடிலைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்ததும் நீடில் முனையை டிஷ்யூ பேப்பரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் பிடித்தால் முனை வளைந்திருக்கிறது. காற்றை மட்டும் திறந்து, முன்பகுதியைத் தண்ணீர் உள்ள டம்ளரில் முக்கினால், நடுவில் தவிர வேறெங்கும் குமிழி வரக்கூடாது.

வண்ணத்தைப் பசும்பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு துளி விட்டால் வழிந்து இறங்கி, பின்னால் மெல்லிய படலம் நிற்க வேண்டும். டமியா போன்ற மாடல் அக்ரிலிக்குக்கு அதன் தின்னர் ஒன்றுக்கு ஒன்று. வலேஹோ மாடல் ஏர் நீர்த்தே வரும், தேவைப்பட்டால் சில துளி தின்னர். கேமல் ட்யூப் அக்ரிலிக் தூரிகைக்குச் செய்தது. வெறும் தண்ணீர் நிறைய ஊற்றினால் பிடிப்பு போய்விடும். அக்ரிலிக் மீடியமும் தண்ணீரும் கலந்து நீர்த்து, நைலான் ஸ்டாக்கிங் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அழுத்தம் அடிப்படை வண்ணத்துக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ., இரண்டு மூன்று இஞ்ச் தூரம். முகத்தில் கன்னச் சிவப்பு, கண்ணோர நிழல் போன்றவற்றுக்கு இன்னும் நீர்த்து 10-12 பி.எஸ்.ஐ., அரை இஞ்ச் தூரம். மீட்டரைக் காற்று ஓடும்போது பார்த்து வையுங்கள், ட்ரிகரை விட்டிருக்கும்போது அது கூடுதலாகக் காட்டும்.

சிலந்திக்கால் மாதிரி ஓடினால் வண்ணம் அதிகம் நீர்த்திருக்கிறது அல்லது கை மிகக் கிட்டே. மணல் தூவியது போல் சொரசொரத்தால் வண்ணம் கெட்டி அல்லது கை தூரம், பறக்கும்போதே காய்ந்துவிடுகிறது. கிண்ணத்துக்குள் குமிழி கொப்பளித்து, வண்ணம் விட்டு விட்டு வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை அல்லது பிளந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நல்ல நாசிலின் வாய் நேராக இருக்கும், நீடிலை அழுத்தித் திணித்ததன் வாய் பூவரசம்பூ போல விரிந்து, ஒரு பக்கம் மயிரிழைக் கீறல் இருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். நீடிலைப் பொருத்தும்போது தானாக நிற்கிற இடம்வரை மட்டும் விடுங்கள்.

வள்ளத்துக்கு என்.சி. லாக்கர் அடிப்பவர்களுக்கு ஒன்று. மழை நாளில் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும். காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு நிறம் வெள்ளையாகப் பூத்துவிடும். பெயிண்ட் கடையில் ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்குகிற தின்னர்) கேட்டு வாங்கி, தின்னரில் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். வெளுத்துவிட்டால் வெயிலான நாளில் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய மூட்டமாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபத்துக்கும் ஈரம்தான் பகை. தொட்டால் சில்லென்று இருக்கிறவரை அது காயவில்லை. அதன்மேல் அடித்த வண்ணம் கொப்பளித்து உரியும்.

நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, தின்னர் ஊற்றி, முன்வாயைத் துணியால் லேசாகப் பொத்தி ட்ரிகரை இழுங்கள். காற்று திரும்பிக் கிண்ணத்தில் கொப்பளித்து உள் அழுக்கைக் கிளப்பும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை. ட்ரிகர் இறுகினால் பலரும் கைக்கெட்டிய தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வண்ணத்தோடு கலந்து மீன்கண் போலக் குழி விழச் செய்யும், நாளானால் பிசினாகும். ஏர்பிரஷ் லூப்ரிகன்ட் ஒரு துளி போதும். உப்புக் காற்றில் பித்தளை உடம்பு தாங்கும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் வால்வும் தாங்காது. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

தின்னர் வண்ணம் என்றால் துணி மாஸ்க் பயனில்லை, தின்னர் ஆவியைப் பிடிக்கிற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். அறையில் திரிவிளக்கோ கேஸ் அடுப்போ எரியக்கூடாது. பைக் டேங்குக்கு அடிக்கிற ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்ட்டை வீட்டில் அடிக்கவே அடிக்காதீர்கள். அதில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு, கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை மட்டும் நம்ப முடியாது.

இந்த டிசம்பர் குடிலுக்கு என்றால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள். முதல் வாரம் தண்ணீரில் இரண்டு துளி இங்க் விட்டு, பழைய செய்தித்தாளில் புள்ளி வரிசை மட்டும் போடுங்கள். முதலில் காற்று, பிறகு வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணம், கடைசியில் காற்று. இந்த வரிசை விரலில் ஏறாவிட்டால் நீடில் முனையில் தேங்கிய வண்ணம் அடுத்த அமுக்கலில் துப்பும். புள்ளிகள் ஒரே அளவில், எச்சில் தெறிக்காமல் ஒரு பக்கம் விழுந்ததும் பிரைமருக்குப் போகலாம். வடகிழக்கு மழை பிடிக்கும்முன் சுரூபங்களுக்குப் பிரைமரும் அடிப்படை நிறமும் முடிந்திருந்தால், மழைக்கு இடையே வெயில் அடிக்கிற நாட்களில் முகமும் தங்கமும் மட்டும் பார்த்தால் போதும்.