99% மாற்றம் தந்த வினையூக்கி 95% தந்ததைவிடச் சிறந்தது என்று எழுதலாமா?

வெள்ளி நானோ துகள்களைத் தனியாகவும், சிலிக்கா தாங்கியின் மீது படிய வைத்தும் தயாரித்து, சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு 4-நைட்ரோபீனாலை ஒடுக்கும் வினையில் சோதித்திருக்கிறீர்கள். 20 நிமிடத்தில் முதலாவது 95 விழுக்காடும் இரண்டாவது 99 விழுக்காடும் மாற்றம் (வினைபடுபொருளில் விளைபொருளாக மாறிய பங்கு) தந்ததால், இரண்டாவதே சிறந்தது என்றும் வெளிவந்த கட்டுரைகளில் உள்ளவற்றைவிட மேலானது என்றும் எழுதலாமா எனக் கேட்கிறீர்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்பதே என் பதில்.

வினையூக்கியின் திறன் என்பது வேகம். வினை முடியும் தறுவாயில் எடுத்த மாற்ற விழுக்காடு அந்த வேகத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும். போரோஹைட்ரைடு மிகுதியாக இருக்கையில் இது போலி முதல் வகை வினையாக, அதாவது எஞ்சியுள்ள நைட்ரோபீனாலின் அளவுக்கு நேர்விகிதமான வேகத்தில், நடக்கிறது என்று கொண்டால், உங்கள் அளவீடுகளிலிருந்து கிடைக்கும் வேக மாறிலிகள் நிமிடத்துக்கு 0.15, 0.23 ஆகும். நான்கு விழுக்காடாகத் தெரிவது ஒன்றரை மடங்கு வேறுபாடு. மூன்றாம் நிமிடத்தில் அளந்திருந்தால் 36, 50 என்று அது வெளிப்படையாகவே தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒன்றரை மடங்கையும் நான் நம்பமாட்டேன். எஞ்சிய நைட்ரோபீனாலைக் காட்டும் 400 நானோமீட்டர் ஒளியில் தொடக்க அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) 1.0 என்றால் 99 விழுக்காடு மாற்றத்துக்குப் பின் எஞ்சுவது 0.01 மட்டுமே. போரோஹைட்ரைடு நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுக்கொண்டிருக்கும் குவெட்டில் (மாதிரி வைக்கும் சிறு கலம்) அடிக்கோடு, அதாவது கருவியின் பூஜ்ய நிலை, 0.01 அளவுக்கு நகர்வது சர்வ சாதாரணம். அப்படி நகர்ந்து 0.02 ஆனால், மாற்றம் 98 விழுக்காடாகவும் வேக மாறிலி 0.20 ஆகவும் இறங்கிவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களில் நெருக்கமாகப் பல புள்ளிகளை எடுத்து, வினை தொடங்கத் தாமதமாகும் நேரம் இருந்தால் அதைத் தனியாகக் குறித்து, அதன் பின் அப்சார்பன்ஸின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் வரும் நேர்கோட்டுப் பகுதியின் சாய்விலிருந்து வேக மாறிலியைப் பெறுங்கள்.

கட்டுரைகளோடு ஒப்பிடும்போது நேரும் பெரிய பிழை, அந்த மாறிலியை அப்படியே எடுத்து அட்டவணையில் அடுக்குவது. வினையூக்கியை இரு மடங்கு போட்டால் மாறிலியும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், வினையூக்கியின் நிறை சொல்லாத மாறிலிக்குப் பொருளே இல்லை. தாங்கியையும் சேர்த்த தூளின் நிறையால் வகுப்பதும் போதாது. தயாரிப்பின்போது கணக்கிட்ட அளவை விட்டுவிட்டு, பகுப்பாய்வில் அளந்து கண்ட வெள்ளியின் அளவால் வகுக்க வேண்டும். அதிலும் 5 நானோமீட்டர் துகளுக்கு, 20 நானோமீட்டர் துகளைவிட ஒரு கிராமுக்கு நான்கு மடங்கு புறப்பரப்பு உண்டு. எனவே சிறிய துகள் நான்கு மடங்கு வேகம் தந்தால், அதன் பரப்பின் ஒவ்வோர் அணுவும் பெரிய துகளின் அணு செய்த அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

‘அறை வெப்பநிலை’ என்று மட்டும் எழுதாதீர்கள். கிளர்வு ஆற்றல் (வினை நிகழத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் உள்ள வினை, 25 டிகிரியில் நடப்பதைவிட 33 டிகிரியில் ஏறத்தாழ 1.7 மடங்கு வேகமாக நடக்கும். நம் ஊரில் சித்திரை மாதத்தில் ஒன்றையும் மார்கழியில் மற்றொன்றையும் சோதித்தால் உங்கள் ஒன்றரை மடங்கு அதிலேயே அடங்கிவிடும்.

சிலிக்கா தாங்கியில் துளைகள் இருப்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. மூலக்கூறுகள் துளைக்குள் விரவும் வேகமே தடையாக இருந்தால் நீங்கள் அளப்பது வெள்ளியின் திறன் அன்று. அப்போது தோற்றக் கிளர்வு ஆற்றலும் உண்மையானதில் பாதியாகக் குறைந்து தெரியும். கலக்கும் வேகத்தை மாற்றிப் பார்ப்பது துகளுக்கு வெளியே உள்ள தடையை மட்டுமே காட்டும். துளைக்குள் உள்ள தடையை அறிய, 1967-இல் கோரோஸும் நோவாக்கும் முன்வைத்த சோதனை இருக்கிறது: அதே தாங்கி, அதே தாங்கித் துகளளவு, அதே வெள்ளித் துகளளவு, ஆனால் வெள்ளியின் ஏற்றம் (தாங்கியில் படிந்துள்ள அளவு) மட்டும் பாதி, அப்போதும் ஒரு கிராம் வெள்ளிக்கான வேகம் மாறாமலிருக்க வேண்டும். தூளைப் பாதியாகப் போட்டுவிட்டு இச்சோதனையைச் செய்துவிட்டதாக எழுதுகிறவர்கள் உண்டு; அது துளைகளைப் பற்றி எதையும் சொல்லாது.

வெள்ளியே இல்லாத சிலிக்காவைக் கொண்டும், எந்த வினையூக்கியும் இல்லாமலும் வினையை நடத்திப் பார்ப்பதைச் சடங்காக நினைக்க வேண்டாம். 2003-இல் லெட்பீட்டர் குழுவினர், வழக்கமாகப் பல்லேடியம் உலோகத்தால் ஊக்கப்படும் சுசுகி இணைப்பு வினை (கரிமச் சேர்மங்களை இணைக்கும் வினை) உலோகமே இல்லாமல் நடப்பதாக வெளியிட்டார்கள். 2005-இல், கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு இருந்த பல்லேடியமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே மறு ஆய்வு வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுபயன்பாட்டுச் சோதனையிலும் இதே கவனம் தேவை. ஐந்து சுற்றுகளிலும் 20 நிமிடம் விட்டு 98 விழுக்காடு வந்தது என்பது, வினையூக்கி தேவைக்கு அதிகமாகப் போடப்பட்டிருந்தால் எதையும் நிறுவாது. அதில் ஒரு பகுதி செயலிழந்தாலும் மிஞ்சியது வேலையை முடித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க வேகத்தை அளந்து ஒப்பிடுங்கள். கூடவே ஒரு சுற்றில், மாற்றம் 30 விழுக்காட்டை எட்டும்போது தூளை வடிகட்டி நீக்கிவிட்டு வடிநீரைத் தொடர்ந்து அளவிடுங்கள். வினையூக்கியில்லாத வெற்றுச் சோதனையில் கண்டதைவிட வேகமாக வினை தொடர்ந்தால், கரைந்து வெளியேறிய வெள்ளியோ வடிதாளைத் தாண்டிய நுண்துகளோ வேலை செய்கிறது என்று கொண்டு, வடிநீரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதை அளக்கக் கொடுங்கள்.