ஈசிஜி நார்மல்தான், ஆனால் படபடப்பு நிற்கவில்லையா?

வாரம் ஒருமுறை திடீர்ப் படபடப்பு, பத்து நிமிஷத்தில் அடங்குகிறது, ஈசிஜி நார்மல், "கேஸ்தான்" என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ஈசிஜி பதிவது சுமார் 10 வினாடிதான். படபடப்பு இல்லாதபோது எடுத்தால் பெரும்பாலும் நார்மலாகவே வரும். 24 மணி நேரம் உடலில் மாட்டி இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும் உங்களுக்குப் போதாது, அன்றைக்குப் பார்த்து வராமல் போகும். 7 முதல் 14 நாள் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் மானிட்டர் பற்றி இதய மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், பொட்டாசியம்.

அடுத்தமுறை வந்தால் நாடியை முழு நிமிஷம் எண்ணுங்கள். நாடி சீராக இருந்ததா, படபடப்பு சட்டென நின்றதா என்பதையும் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு இது பெரிய துப்பு. அடங்காவிட்டால் பக்கத்து மருத்துவமனையில் உடனே ஈசிஜி. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் வண்டி ஓட்டாதீர்கள், 108தான். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.