அடுப்புக்கரி விஷத்தை முறிக்குமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம். முள்ளுக் கத்தரி போட்டிருக்கிறோம். போன வாரம் மூன்று வெள்ளாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு, காலையில் மருந்தடித்த கத்தரிக்குள் இறங்கிவிட்டன. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை, நடுக்கம், கழிச்சல். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னபடி அடுப்புக்கரியை இடித்து நல்லெண்ணெயில் குழைத்து ஊற்றினோம். இரண்டு செத்துவிட்டன. டாக்டர் ஊசி போட்டதில் சினையாடு மட்டும் பிழைத்தது. மருந்துக்கடையில் கரி மாத்திரை இருக்கிறதாமே, வாங்கி வைக்கலாமா? எத்தனை கொடுக்க வேண்டும்?

பதில்: அம்மா, பெரியம்மா சொன்னதில் பாதி சரி. கரி விஷத்தைப் பிடிக்கும். ஆனால் அடுப்புக்கரி அதற்கு உதவாது. கொட்டாங்குச்சிக் கரியையோ மரக்கரியையோ கடும் சூட்டில் நீராவி செலுத்திப் பதப்படுத்துவார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்து, ஒரு கிராம் கரிக்குள் சுமார் 25 சென்ட் நிலத்தின் பரப்பு உண்டாகிறது. விஷம் அந்தப் பரப்பில்தான் ஒட்டுகிறது. அதுதான் செயலூட்டிய கரி. எண்ணெய் ஊற்றியது தவறு. எண்ணெயில் கரையும் பூச்சிமருந்து அதனால் உடம்பில் இன்னும் சீக்கிரம் ஏறும், கரியின் துளைகளும் அடைபடும்.

ஆட்டின் ஒரு கிலோ எடைக்கு இந்தக் கரி 1 முதல் 3 கிராம் வேண்டும். 20 கிலோ ஆட்டுக்கு 40 கிராம் என்று வைத்தால், 250 மில்லிகிராம் மாத்திரையில் 160 வரும். அதனால் மாத்திரை வேண்டாம், தூளாக வாங்குங்கள். 40 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். விழுந்து துடிக்கிற ஆட்டுக்கு வாய்வழியாக எதுவுமே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முக்கிய மருந்து அட்ரோபின் ஊசி. கரி அதற்குத் துணைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கத்தரிக்கு என்ன மருந்து அடித்தீர்கள்? கடிதத்தில் பெயரே இல்லை. பெயர் தெரியாமல் மருத்துவர் என்ன செய்வார்? எல்லா விஷத்தையும் கரி பிடிக்காது. காய்ந்து மறுதாம்பு விட்ட, அதாவது அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இளஞ்சோளத்தை மேய்ந்த ஆட்டைத் தாக்குவது சயனைடு. அதில் கரிக்கு அதிக வேலை இல்லை, தையோசல்பேட் ஊசி வேண்டும். யூரியாத் தண்ணீர் குடித்த மாட்டுக்கும் கரி உதவாது.

தண்டுத்துளைப்பானுக்கும் காய்த்துளைப்பானுக்கும் கடைக்காரர் வாய்வழியே சொல்ல, மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கிற பழக்கம் நம் பக்கம் வேரோடிவிட்டது. பாலித்தீன் கவரில் குருணை மருந்தை அளந்து கொடுக்கிறார்கள். அதில் பெயரும் இல்லை, விஷத்தின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இல்லை. போரேட் என்ற கடும் விஷக் குருணை மருந்துக்கு 2020 கடைசியோடு நாடு முழுக்கத் தடை. பெயரில்லாத கவரில் அதுதான் வந்தாலும் உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்படி விற்கிறவர் வியாபாரி இல்லை அம்மா, உங்கள் ஆட்டுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்தை விற்கிறவர். பில் தராத கடையில் ஒரு சொட்டுகூட வாங்காதீர்கள். டப்பாவை லேபிளோடு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். அவசரம் வந்தால் அந்த டப்பாவையே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

வீட்டில் மனிதர் யாராவது மருந்து குடித்துவிட்டாலும் இதேதான். ஆனால் மனிதருக்குக் கரியை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாணியைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது, அது நெஞ்சில் இறங்கி உயிரை எடுத்துவிடும். 108-ஐ அழைத்து, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரி கொடுப்பதா, எவ்வளவு என்பதை அங்கே முடிவு செய்வார்கள். பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் அது நன்றாகப் பலிக்கும் என்பதால் தாமதிக்காதீர்கள். ஆட்டின் முதல் வயிற்றில் தீனி நெடுநேரம் தங்குவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு.

செத்த ஆடுகளைக் கறிக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பிழைத்த ஆட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டீர்களா? தோல் வழியாகவும் மருந்து ஏறும். கையுறை போட்டுக்கொண்டு இன்றைக்கே கழுவுங்கள். அது குட்டி போட்டால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அதன் பாலை வீட்டுக்கு எடுக்காதீர்கள்.