வீகன் லெதர் பை வாங்கலாமா? பை பழுதுபார்ப்பவனின் பதில்

"தோலுக்குப் பதிலாக வீகன் லெதரில் ஒரு பை வாங்கலாம் என்றிருக்கிறேன். தோல் மாதிரி உழைக்குமா? சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் மாதிரி உழைக்காது. சுற்றுச்சூழல் விஷயம் அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது, பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சமீபத்தில் இறைச்சி, பால் எல்லாவற்றையும் விட்டவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய தோல் பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது, மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். வீகன்களை, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதவர்களை, கிண்டல் செய்யும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

பை, பெல்ட், ஷூ பழுதுபார்ப்பது என் தொழில். "தோலை வைத்துப் பிழைப்பவன் வேறு எப்படிப் பேசுவான்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். என் மேசைக்கு வருவதில் தோலைவிடச் செயற்கைப் பொருள்தான் அதிகம். எந்தப் பொருள் எப்படிக் கெட்டுப்போகிறது என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

கடைகளில் வீகன் லெதர் என்று தொங்குவதில் மிகப் பெரும்பகுதி இரண்டே வகை. பாலியஸ்டர் போன்ற துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, இல்லாவிட்டால் பி.வி.சி. பூச்சு. மேலே தோலின் ரேகையை அச்சாக அழுத்தியிருப்பார்கள். பி.வி.சி.யை வளைந்துகொடுக்க வைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். அது நாளடைவில் கசிந்து வெளியேறிவிடும், பிறகு பொருள் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேனுக்கு எதிரி ஈரம். காற்றில் இருக்கும் ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பையை எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுவதும், செதில் செதிலாக உதிர்வதும் அதனால்தான். "வெளியே எடுத்துக்கொண்டு போனதே இல்லையே" என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பாலியூரித்தேனிலும் ஈரத்தை நன்றாகத் தாங்கும் வகைகள் உண்டு. பாலிஈதர், பாலிகார்பனேட் அடிப்படையில் செய்வது அப்படி. ஆனால் எந்த வகை என்று பைகளின் சீட்டில் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். தையல் விட்டுப்போனால் பெரும்பாலும் பழைய துளையிலேயே நூலைக் கோத்து மறுபடி தைத்துவிடலாம். ஓரம் கிழிந்தால் சீவி, அடியில் ஒரு துண்டு வைத்து ஒட்டித் தைக்கலாம். பூச்சு போட்ட துணியில் அப்படி முடியாது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் பலவீனம். பாரம் இழுக்கும் இடத்தில் தபால்தலை கிழிவதுபோலத் துளை வரிசையிலேயே கோடாகக் கிழிந்துவரும்.

அப்படிக் கிழிந்த ஒரு பையோடு கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். தோள்பட்டை வார் சேரும் இடம் இரண்டு பக்கமும் பிய்ந்திருந்தது. "அண்ணா, இதைத் தைத்துக் கொடுங்க, ஆனா தோல் துண்டு எதுவும் வைக்கக் கூடாது" என்றாள். வீகனாம். பையைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புகளில் பூச்சு ஏற்கெனவே பொடியத் தொடங்கியிருந்தது. தைத்தாலும் அதற்குப் பக்கத்தில் கிழியும் என்று சொன்னேன். "இது சப்பாத்திக்கள்ளியில் செஞ்சது அண்ணா, மண்ணுல மக்கிடும்னு சொல்லித்தான் வித்தாங்க" என்றாள். உள்ளே தைத்திருந்த சீட்டைத் தேடி எடுத்து இருவரும் படித்தோம். பாலியூரித்தேன், பாலியஸ்டர், பருத்தி. கள்ளி எவ்வளவு என்று ஒரு எண்கூட இல்லை.

"அப்ப ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். நிதானமாகத்தான் பதில் சொன்னேன். விலங்கு எதுவும் இதில் இல்லை, அது உண்மைதான். மக்கும் என்றதை மட்டும் நம்ப முடியாது. அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது இன்னும் எனக்கு ஆறவில்லை. சேமித்த காசைப் போட்டு, ஒரு கொள்கைக்காக வாங்கியிருக்கிறாள். அவள் நல்ல மனதைக் காசாக்கியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பையை எடுத்துக்கொண்டேன். கிழிந்த இடத்தில் உள்ளும் புறமும் தடித்த கேன்வாஸ் வைத்து, இழுவை பரவும்படி அகலமாகத் தைத்தேன். நான் வழக்கமாகத் தைக்கும் லினன் நூலுக்குத் தேன்மெழுகு தேய்ப்பேன். தேன்மெழுகும் விலங்கிலிருந்து வருவதுதானே, அதனால் பாலியஸ்டர் நூலை எடுத்தேன். ஒட்டுவதற்கு எடுத்தது செயற்கை ரப்பர் பசை. இதெல்லாம் அவள் கேட்கவில்லை. ஒருவர் ஒன்றை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதைக் கடைசி நூல்வரை மதிக்க வேண்டும் என்பது என் பழக்கம். "இறந்த மாட்டின் மேல் பிழைப்பவன்" என்று என்னை ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தாவரத் தோல் என்று வருபவற்றையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பினாடெக்ஸ் அன்னாசி இலை நாரில் செய்வது. அறுவடைக்குப் பின் மிஞ்சும் இலையிலிருந்து நார் எடுப்பது நல்ல யோசனை. ஆனாலும் மேலே செயற்கைப் பிசின் பூச்சு உண்டு. ஆப்பிள் சக்கையில் செய்வதிலும் சக்கைத் தூளைப் பிடித்து நிறுத்துவது பாலியூரித்தேன்தான். ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் தோலையும் பிளாஸ்டிக் படலங்களையும் ஆராயும் ஃபில்க் என்ற நிலையம் 2021இல் இவற்றில் பலவற்றைத் தோலோடு ஒப்பிட்டுச் சோதித்தது. தோலின் எல்லாக் குணங்களும் ஒருசேர அமைந்தது எதுவும் இல்லை என்பதுதான் முடிவு. காளான் வேரிழையில் செய்த மைலோவைப் பெரிய பிராண்டுகள் தலையில் வைத்துக் கொண்டாடின. 2023இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவைத்தார்கள்.

இதெல்லாம் புதிதும் இல்லை. டூபாண்ட் நிறுவனம் 1963இல் கோர்ஃபாம் என்ற செயற்கைத் தோலை ஷூவுக்கென்று அறிமுகப்படுத்தியது. பளபளப்பு மங்காது, தண்ணீர் ஏறாது. ஆனால் காலின் வடிவத்துக்கு அது இளகிக் கொடுக்கவில்லை. கடித்த ஷூ கடித்துக்கொண்டே இருந்தது. 1971இல் கைவிட்டார்கள். தோல் ஷூ போடப் போடக் காலுக்குப் படிந்துவருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கேதான் பலருக்குப் புரிந்தது.

சரி, தோலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையில்லை. உலகத்தில் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் பதனிடப்படுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறும் நிலமும் கெடும். சரியாகப் பதனிடாத தோலில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் உண்டாகலாம். உடம்பில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. தோல் வெறும் இறைச்சிக் கழிவு, எப்படியும் வீணாகத்தான் போகும் என்ற வாதத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. தோலை விற்கும் காசும் இறைச்சித் தொழிலுக்குத்தான் போய்ச்சேர்கிறது. அந்த இடத்தில் வீகன்கள் சொல்வது சரி.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் என் கடை அலமாரியே நிரம்பிக் கிடக்கிறது. போன் செய்தால் "நாளைக்கு வர்றேன்". அப்புறம் எடுப்பதே இல்லை. நூல், பசை, ஜிப், என் உழைப்பு எல்லாம் அதற்குள் போட்டாயிற்று. தூக்கிப் போடவும் முடியாது, விற்கவும் மனம் வராது. புதுப் பைக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் தையல் கூலி என்றதும் முகம் சுளிக்கிறார்கள். கைவேலைக்கு மரியாதை இல்லாமல் போனது எந்தப் பொருள் பையானாலும் ஒன்றுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் தோல் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிளாஸ்டிக் வாங்காதீர்கள். மனது ஒப்பவில்லை என்றால், பயன்படுத்தக்கூடிய யாருக்காவது கொடுத்துவிடுங்கள். புதிதாக வேண்டும் என்றால் தோல் மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, தடித்த கேன்வாஸ் பையாக எடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். கேன்வாஸ் கிழிந்தால் எந்தத் தையல்காரரும் தைப்பார். மழைக்குத் தாங்க மெழுகு பூசியது வாங்கினால், தேன்மெழுகா, பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபினா, பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபாவா என்று கேட்டுவிடுங்கள். தோல் மாதிரியே ஒன்றுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பெயர்ப்பலகையில் என்ன பழம் போட்டிருக்கிறது என்று பார்க்காமல், உள்ளே தைத்திருக்கும் சீட்டில் பாலியூரித்தேன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பையை வாங்காதீர்கள்.